முதலில் ஐந்தும் ஒரே இடத்தில் விழட்டும்

1993. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு இன்னும் பதினொரு வருஷம் இருந்தது. நாங்கள் எல்லாரும் அப்போது தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். என்.சி.சி. பத்து நாள் முகாமில் ஆறாம் நாள் விடியற்காலையில் எங்களை ஃபயரிங்குக்கு அழைத்துப் போனார்கள். மலையடிவாரத்தில் மண்மேட்டைப் பின்னால் வைத்து அமைத்த ரேஞ்ச். தரையில் தார்ப்பாய், ஆளுக்கொரு மணல் மூட்டை, 25 கெஜம் தள்ளி மரச்சட்டத்தில் ஒட்டிய அட்டைகள். கையில் .22 ரைபிள் (0.22 அங்குலக் குழல்). ஆளுக்கு ஐந்து ரவுண்டு.

படுத்துச் சுட்டேன். முடிந்ததும் அட்டையைப் பார்க்க ஓடினால், நட்ட நடுவில் ஒரு ஓட்டை. மற்ற நான்கும் மூலைக்கு ஒன்றாகப் போயிருந்தன. அதில் ஒன்று மரச்சட்டத்தில். எனக்கு அந்த நடு ஓட்டை மட்டும்தான் கண்ணில் பட்டது. பக்கத்தில் படுத்திருந்தவன் பென்னாகரம் பக்கத்துப் பையன். அவன் அட்டையில் ஐந்தும் இடது கீழ் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. நடுப்புள்ளியின் பக்கம் ஒன்றுகூட இல்லை. ஹவில்தார் சார் பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து அந்த ஓட்டைகளின் மேல் வைத்தார். ஐந்தும் காசுக்கு அடியில் மறைந்தன. அவனைத்தான் டீமுக்கு எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், எனக்கு நடுவுலயே ஒண்ணு விழுந்திருக்குது சார்" என்றேன்.

"அது நீ போட்டது இல்லடா, அதுவா விழுந்தது. அவன் அஞ்சும் அவனே போட்டது. அவனுக்கு சைட்டைக் கொஞ்சம் நகத்துனா அஞ்சும் நடுவுக்கு வந்துடும். உனக்கு நான் எதை நகத்துறது?" (சைட் என்பது ரைபிளின் மேல் குறி பார்க்கும் அமைப்பு.)

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காவேரிப்பட்டணத்தில் எங்கள் மாந்தோப்புக் கொட்டகையில் இன்றும் வாரத்தில் இரண்டு நாள் சுடுகிறேன். தம்பி மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் என்னோடு பழகுகிறாள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் யார் வந்து கேட்டாலும் நான் அந்தக் காசிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். இந்தக் கட்டுரையும் அங்கிருந்துதான் போகிறது.

சுடுவதற்கு முன்னால்: சட்டமும் அக்கம்பக்கமும்

நம் பக்கத்தில் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நாட்டுத் துப்பாக்கி. காட்டோரக் கிராமங்களில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பவர்கள் ஒப்படைத்துவிட வேண்டும் என்று காவல்துறை அவ்வப்போது அறிவிப்புக் கொடுப்பது உங்களுக்கே தெரியும். அதனால் நீங்கள் பழகுவது வேறு விஷயம் என்பதை வீட்டிலும் தெருவிலும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கொட்டகைக்கே கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை.

பழகத் தொடங்க ஏற்றது காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிள். 4.5 மில்லிமீட்டர் குழலும், 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். கொடுத்து, ரசீதை வாங்கி, ரைபிள் பையிலேயே ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவைத் தாண்டிய எதையும் வாங்குவதற்கு முன் காவல் நிலையத்தில் விசாரியுங்கள். .22 ரைபிளின் குண்டில் வெடிமருந்து இருக்கிறது. அதற்கு உரிமம் கட்டாயம். என்.சி.சி.யிலோ பதிவு பெற்ற கிளப்பிலோ பழகினால் அவர்களுடைய ரைபிளில் அவர்கள் கண்முன்னால் சுடலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏர் ரைபிள்தானே என்று கொக்கு, மைனா, அணில், மயில் பக்கம் குழலைத் திருப்பாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். நம் இரண்டு மாவட்டத்துக் காடுகளிலும் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014 முதல் இருக்கிறது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே தவறு. ஒகேனக்கல்லுக்கோ அஞ்செட்டிப் பக்கமோ சுற்றுலா போகும்போது ரைபிள் வீட்டில் பூட்டிக் கிடக்கட்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உயிருள்ள ஒன்றைக் குறிவைத்தவன் கை, அட்டையின் முன்னால் அமைதியாக நிற்பதை நான் பார்த்ததில்லை. இரண்டும் வேறு வேறு மனசு.

எந்தக் கண்?

வலது கைக்காரர் என்பதால் வலது கண்ணால்தான் பார்ப்பீர்கள் என்று இல்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன முக்கோணச் சந்து விட்டு, அதன் வழியாக எதிர்ச் சுவரில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் சந்துக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் ஆளும் கண். ரைபிளை அந்தப் பக்கத் தோளில் வைத்துப் பழகுவது நல்லது. தம்பி மகள் வலது கையால் எழுதுகிறவள், அவளுக்கு ஆளும் கண் இடது. முதல் இரண்டு மாதம் இதைக் கவனிக்காமல் நான் அவளை வலது தோளில் வைக்கச் சொல்லிவிட்டேன். கழுத்தை வளைத்து வளைத்து அந்தப் பிள்ளை வலியோடு சுட்டது. அந்த இரண்டு நிமிஷச் சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இன்னொரு கண்ணை இறுக்கி மூடாதீர்கள். முகத் தசை துடித்து, திறந்திருக்கும் கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும். இரண்டையும் திறந்து வைத்து, தேவையில்லாத கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துண்டு அட்டை தொங்கவிட்டால் போதும். போட்டி விதியில் அதன் அகலம் 30 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

எதை வாங்குவது

தொடக்கத்துக்கு ஸ்பிரிங் ரைபிள் போதும். சில ஆயிரங்களில் கிடைக்கும். குழலை மடக்கினால் ஸ்பிரிங் ஏறும். டிரிகரை அழுத்தினால் ஸ்பிரிங் பாய்ந்து காற்றை அழுத்தி பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, தள்ளும். பெல்லட் போடும்போது மடக்கிய குழலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போடுங்கள். தவறி டிரிகர் பட்டால் குழல் பாய்ந்து மூடும், விரல் எலும்பு நொறுங்கிவிடும். பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் ரைபிளை வெறுமனே அடிக்கவும் கூடாது. உள்ளே பிஸ்டன் அடிபட்டு சீக்கிரம் கெட்டுவிடும்.

போட்டிக்குப் போகிறவர்கள் கையில் இருப்பது காற்று உருளை பொருத்திய ரைபிள். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ், ஸ்டையர் என்று எல்லாம் வெளிநாட்டு வகைகள், விலை லட்சங்களில். உருளையில் 200 பார் (காற்றழுத்தத்தின் அலகு) அளவுக்குக் காற்று அடைக்கலாம். ஸ்பிரிங்கில் வரும் அந்தக் குலுக்கல் இதில் இருக்காது. ஒரு வருஷம் பழகி, இது நமக்கு வேண்டும் என்று தெரிந்த பிறகு இதற்கு வாருங்கள்.

பழைய ரைபிள் வாங்கினால் உருளையில் அடித்திருக்கும் தேதியைப் பாருங்கள். உருளையின் ஆயுள் பெரும்பாலும் பத்து வருஷம். நான் வெளியூரில் ஒரு கடையில் இரண்டாம் கை ரைபிள் வாங்கினேன். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். தேதியைப் பற்றி அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் பார்க்கத் தெரியவில்லை. போட்டி அன்று காலை, கருவிச் சோதனை மேசையில் இருந்தவர் உருளையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காலம் கடந்தது, இதை வைத்துச் சுட முடியாது" என்றார். நான்கு மாத உழைப்பு அந்த மேசையிலேயே நின்றுவிட்டது. புது உருளைக்குத் தனியாகச் செலவானது. 200 பார் காற்று முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை நினைத்தால் அவர் செய்தது சரி என்று இப்போது தெரிகிறது. ஆனால் விற்றவர் சொல்லியிருக்கலாம்.

பெல்லட் தட்டைத் தலையாக இருக்கட்டும். அட்டையில் அது துளைக் கருவியால் குத்தியது போல வட்டமாக, விளிம்பு சுத்தமாக ஓட்டை போடும். கூர்த்தலை பெல்லட் காகிதத்தைக் கிழிக்கும். எத்தனை புள்ளி என்று சொல்லவே முடியாது. பாவாடை போல விரிந்த பக்கம் பின்னால் வர வேண்டும். ஈயம் என்பதால் சுட்ட கையோடு முறுக்கோ வேர்க்கடலையோ எடுக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

வீட்டில் இடம் அமைப்பது

பத்து மீட்டர் நீளம் வேண்டும். நிற்கும் கோட்டிலிருந்து அட்டையின் முகம் வரை அளக்க வேண்டும். அட்டையின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பழைய வீடுகளின் நீள நடை, மொட்டை மாடி அறை, மாங்காய் கொட்டும் கொட்டகை எதுவும் சரி. சுடும் கோட்டுக்கும் அட்டைக்கும் நடுவில் கதவு, சன்னல், வழி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் உள்பக்கம் தாழ் போட்டுவிட வேண்டும். வீட்டில் நாய், பூனை, சின்னப் பிள்ளைகள் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் முதல் பெல்லட்டைத் தொடுவேன்.

அட்டைக்குப் பின்னால் சரிவாகத் தகடு வைத்த இரும்புப் பெட்டி. பெல்லட் மோதி கீழே விழுந்து தேங்கும். நேராக நிற்கும் தகடு வேண்டாம், ஈயத்துண்டு திரும்பி வரும். பெட்டிக்குப் பின்னால் தவறிப் போவதற்காகக் கனமான பலகை. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரும் கொட்டகைக்குள் வர மாட்டோம், பார்க்க வருகிறவர்களும்தான்.

விதிகள் நான்குதான். குழல் எப்போதும் அட்டைப் பக்கம். சுடப்போகும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. கீழே வைத்தால் குழலைத் திறந்து வைக்க வேண்டும். ஒருவர் "ஸ்டாப்" என்றால் சொன்னவர் யாராக இருந்தாலும், சின்னக் குழந்தையே ஆனாலும், அந்த நொடியே நிறுத்த வேண்டும். என்.சி.சி. ரேஞ்சில் இந்த நான்கில் ஒன்றை மீறியவனை ஹவில்தார் சார் அன்றைக்கு மறுபடி ரைபிளைத் தொடவிட மாட்டார். நானும் அப்படித்தான், தம்பி மகளிடமும் சலுகை கிடையாது.

பத்து என்பது எவ்வளவு பெரியது

பத்து மீட்டர் ஏர் ரைபிள் அட்டையில் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். ஒரு பத்து ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர்; அதைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஒவ்வொரு வளையமும் 2.5 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும். நடுவில் இருக்கும் பத்து, அதாவது பத்து மதிப்பெண் தரும் இடம், வெறும் 0.5 மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளி. களத்தில் கொட்டிக் கிடக்கும் கேழ்வரகில் ஒன்றை எடுத்து அட்டையின் நடுவில் வைத்துப் பாருங்கள், பத்து அதற்கடியில் காணாமல் போய்விடும்.

பயப்பட வேண்டாம். பெல்லட் ஓட்டையின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. ஓட்டை 4.5 மில்லிமீட்டர் என்பதால், அதன் மையம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் விலகினாலும் பத்துதான். பெரிய போட்டிகளில் தசமத்தில் எண்ணுகிறார்கள். அங்கே ஒரு குண்டுக்கு உச்சம் 10.9. 60 குண்டுக்கு முழு மதிப்பெண் 654. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோது இறுதிச் சுற்றின் கடைசிக் குண்டு 10.8. அன்று தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த எண்ணைவிட அவர் ரைபிளை இறக்கிய விதம்தான் மனசில் நின்றது. சுட்ட பிறகும் அவர் அசையவில்லை.

இப்போது ஒரு கணக்கு. ரைபிளில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையில் சுமார் 80 சென்டிமீட்டர். முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டருக்கு அப்பால் அட்டையில் 12 மில்லிமீட்டருக்கு மேல் விலகும். ஐந்து வளையம். பத்து ஐந்தாகிவிடும். அதனால்தான் இந்த விளையாட்டில் குறி பார்க்கிற நேரத்தைவிட நிற்கப் பழகுகிற நேரம் அதிகம்.

நிற்பது

முதல் இரண்டு வாரம் உட்கார்ந்து, மேசைமேல் மணல் பையில் ரைபிளைத் தாங்கி வைத்துச் சுடுங்கள். சைட், டிரிகர், மூச்சு மூன்றும் பழகிய பிறகு எழுந்திருங்கள். பெரிய ரைபிளின் எடை ஐந்து கிலோவை நெருங்கும், விதிப்படி ஐந்தரைக்குள். எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் அதை ஏற்றாதீர்கள்.

எழுந்து நிற்கும்போது ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, குடத்தின் கனத்தை இடுப்பெலும்பில் இறக்கியிருப்பார்கள். கை குடத்தைத் தூக்குவதில்லை, சும்மா அணைத்திருக்கிறது. ரைபிளுக்கும் அதேதான். இடது தோள் அட்டையைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள், கால் இரண்டும் தோள் அகலம். இடது இடுப்பை அட்டைப் பக்கம் லேசாகத் தள்ளுங்கள். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, அந்தக் கையின் மேல் ரைபிள் உட்காரட்டும். இடது ஆளும் கண்காரர்களுக்கு இது அப்படியே மாறும். கனம் கையிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து காலுக்கு, காலிலிருந்து தரைக்கு இறங்க வேண்டும். தசையால் தாங்கினால் ஒரு நிமிஷத்தில் நடுங்கும். எலும்பால் தாங்கினால் ஒரு மணி நேரம் நிற்கலாம்.

தலையை ரைபிளுக்குக் குனிக்காதீர்கள், ரைபிளைக் கன்னத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அடுத்ததுதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிற படி. குறி பார்த்த நிலையில் கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விடுங்கள். உடம்பைத் தளர விடுங்கள். கண்ணைத் திறந்தால் சைட் எங்கே நிற்கிறது? அதுதான் உங்கள் உடம்பு தானாகப் பார்க்கிற இடம். அது கறுப்புக்கு இடப்பக்கம் இருந்தால் கையால் இழுத்து நடுவுக்குக் கொண்டுவராதீர்கள், காலை நகர்த்துங்கள். இரண்டு விரற்கடை நகர்த்திவிட்டு மறுபடி கண்ணை மூடுங்கள், திறந்து பாருங்கள். கண் திறந்ததும் சைட் தானே கறுப்பில் வந்து நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். சில நாள் எனக்கு இதற்கே பத்து நிமிஷம் ஆகும். கையால் இழுத்து வைத்த ரைபிள், டிரிகர் விடுபடும் அந்த நொடியில் பழைய இடத்துக்கே ஓடிவிடும். முகாமில் என் நான்கு குண்டுகளை மூலைக்கு ஒன்றாகத் துரத்தியது இதுதான் என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

மூச்சு, டிரிகர், பிறகு

கண்ணின் கவனம் முன் சைட்டில் இருக்கட்டும். அட்டை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் சரியாகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். ஓப்பன் சைட் (பின் சைட்டில் திறந்த பிளவு) என்றால், முன் சைட்டின் கம்பத்து முனைமேல் ஒரு எலுமிச்சம்பழம் உட்கார்ந்த மாதிரி கறுப்பு வட்டம் உட்காரட்டும். பீப் சைட் (பின் சைட்டில் சின்னத் துளை) என்றால் வளையத்துக்குள் கறுப்பு வட்டம், சுற்றிலும் ஒரே அளவு வெள்ளை.

மூச்சை இழுத்து, இயல்பாகப் பாதி விட்டு, அங்கே நிறுத்துங்கள். ஆறு முதல் எட்டு நொடி உங்களுக்கு இருக்கிறது. அதற்குள் டிரிகர் விடுபடவில்லையென்றால் இறக்கி வையுங்கள். பத்து நொடிக்கு மேல் கண்ணுக்கும் தசைக்கும் ரத்தத்தில் காற்றுக் குறையும், சைட் நிற்பது போலத் தெரியும், ஆனால் நிற்காது.

இறக்கி வைப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் தம்பி மகளுக்கு அதிக நாள் பிடித்தது. "பெரியப்பா, தூக்கியாச்சு, சுட்டுடறேனே" என்பாள். "தூக்குனதுக்காகச் சுடாதம்மா. இறக்கு" என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் இருபது குண்டுதான் சுட்டாள், முப்பது தடவைக்கு மேல் இறக்கி வைத்தாள். அன்றைய அட்டைகளைப் பார்த்துவிட்டு அவளே ஒன்றும் பேசாமல் அடுத்த அட்டையை எடுத்து மாட்டினாள். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிஷம். ஒரு குண்டுக்கு ஒன்றே கால் நிமிஷம். அவசரமே இல்லை.

டிரிகரை இழுப்பது என்று சொல்கிறோம், ஆனால் அது இழுப்பு இல்லை. மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பீர்களே, பழம் நசுங்கிவிடக் கூடாது என்ற கவனத்தோடு, அந்த அழுத்தம். விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதையால், நேர் பின்னோக்கி. நல்ல டிரிகரில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தை முன்பே எடுத்து வைத்துக்கொண்டு, சைட் அமைதியானதும் இரண்டாவதைக் கூட்டுங்கள். விடுபடும் நொடி உங்களுக்கே கொஞ்சம் எதிர்பாராததாக இருக்கட்டும்.

விடுபட்ட பிறகும் ஒரு நொடி அப்படியே நில்லுங்கள். போட்டி ரைபிளின் பெல்லட் நொடிக்கு சுமார் 170 மீட்டர் போகும். பத்து மீட்டரைக் கடக்க 0.06 நொடி. குழலை விட்டுப் போன பிறகு நம்மால் ஒன்றும் ஆகாது. ஆனால் சுட்டவுடன் தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், அந்தத் தூக்கல் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து, ஒரு நாள் டிரிகருக்கும் முன்பே வந்துவிடும். அந்த ஒரு நொடியில் மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: "இது வலப்பக்கம் போயிருக்கும்." பிறகு அட்டையைப் பாருங்கள். சொன்னதும் விழுந்ததும் ஒன்றாக வர ஆரம்பித்தால் நீங்கள் சுடக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

காசை எடுத்து வையுங்கள்

ஐந்து குண்டு சுடுங்கள். நடுவில் விழவில்லை என்று சைட்டைத் தொடாதீர்கள். ஒரு குண்டு தள்ளி விழுந்ததும் சைட்டைத் திருப்பி, அடுத்தது வேறு பக்கம் போனதும் மறுபடி திருப்பி, மாலைக்குள் சைட்டும் மனசும் குழம்பிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்தும் முடிந்த பிறகு அட்டையைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் கையில் வைத்துப் பாருங்கள்.

மேலும் கீழுமாக வரிசையாக விழுந்திருந்தால் மூச்சை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிறுத்துகிறீர்கள், அல்லது கன்னம் ஒரே இடத்தில் உட்காரவில்லை. இடமும் வலமுமாக நீண்டிருந்தால் காலையும் இடுப்பையும் பாருங்கள். நான்கு ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் தனியே ஓடியிருந்தால் அந்த ஒன்றில் டிரிகரை வெடுக்கென்று பிடுங்கியிருப்பீர்கள். எல்லாத் திசையிலும் சிதறியிருந்தால் மறுபடி மணல் பைக்குப் போங்கள்; அதில் அவமானம் இல்லை, நான் இன்றும் மழைக்காலத்தில் ஒரு மாதம் விட்டுவிட்டுத் திரும்பினால் மணல் பையில்தான் ஆரம்பிக்கிறேன்.

ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கி, அடுத்த ஐந்தும் அதே இடத்தில் அடங்கினால், அப்போது சைட்டைத் தொடலாம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். இடது கீழே விழுகிறதென்றால் பின் சைட் வலதுக்கும் மேலுக்கும். முன் சைட்டை நகர்த்துகிற ரைபிள் என்றால் நேர் எதிர். திருகு ஒவ்வொன்றும் டிக், டிக் என்று சத்தம் கொடுக்கும். எத்தனை டிக்குக்கு அட்டையில் எவ்வளவு நகர்கிறது என்று ஒரு தடவை சோதித்து நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு ஊகிக்க வேண்டியதில்லை.

இது திருவிழாக் கடையிலும் உதவும். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் பலூன் சுடும் கடைகளில் ரைபிளின் சைட் பல கைகள் பட்டுப் பட்டு வளைந்திருக்கும். பலூனை நேராகக் குறிவைத்தால் படாது. முதல் இரண்டு குண்டைப் பலகையில் ஒரே ஆணியைக் குறிவைத்துச் சுடுங்கள். இரண்டும் ஆணிக்கு ஒரு சாண் வலது மேலே விழுந்தால், மூன்றாவது குண்டிலிருந்து பலூனுக்கு ஒரு சாண் இடது கீழே குறிவையுங்கள். என் தம்பி மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததில் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி கிடைத்தது. இன்னும் கொட்டகையில் இருக்கிறது.

வெளியே போவது

பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. இருந்தால் அதில் சேர்வதுதான் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிகச் செலவு குறைந்த வழி. .22 ரைபிளும் குண்டும் அவர்களே தருவார்கள். நன்றாகச் சுடுகிறவர்களைத் தேர்ந்தெடுத்து, தில்லியில் நடக்கும் தல் சைனிக் முகாம் வரை கூட்டிப் போவார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் ஏர் ரைபிள் இருக்கிறது, உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள்.

பெரியவர்கள் போட்டிக்குப் போக வேண்டுமென்றால் இந்திய தேசிய ரைபிள் சங்கத்தோடு இணைந்த மாநிலச் சங்கம், அதன் கீழ் பதிவான ஒரு கிளப்பில் உறுப்பினராக வேண்டும். தேசியச் சங்கம் 1951இல் தொடங்கியது. மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கர் அதைத் தொடங்கியவர், அவர் பெயரில்தான் அகில இந்தியப் போட்டி நடக்கிறது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம், பேருந்தில் 40 கிலோமீட்டர். பழக அங்கே போகலாம், ஆனால் தமிழ்நாட்டுக்காகச் சுட தமிழ்நாட்டுக் கிளப்பில்தான் பதிவு வேண்டும். மாநிலப் போட்டியில் ஓப்பன் சைட் பிரிவும் உண்டா என்று கேளுங்கள். லட்ச ரூபாய் ரைபிள் இல்லாதவர்களுக்கு நுழைவாசல் அதுதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். ராஜஸ்தானின் அவனி லேகரா சக்கர நாற்காலியில் இருந்தபடி டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். உயரம், உடல்வலு போதாது என்று யாராவது உங்கள் பிள்ளையைப் பற்றித் தயங்கினால் இந்த இரண்டு பேரையும் சொல்லுங்கள்.

பேருந்தில் போகும்போது ரைபிள் உறைக்குள், பெல்லட் தனிப் பையில், குழல் திறந்து, ரசீது நகல் கைக்கெட்டும் இடத்தில். யாரிடமும் உறையைத் திறந்து காட்டாதீர்கள்.

போட்டி அன்று காலையில் களி சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், கை நடுங்கும். சித்திரை, வைகாசியில் கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த அந்தக் கனத்த ஜாக்கெட்டுக்குள் வியர்வை ஓடும். உள்ளே பருத்திப் பனியன், கையில் இரண்டு துண்டு, நிறையத் தண்ணீர். தொடங்கும் முன் பயிற்சிக் குண்டுகளுக்குப் பதினைந்து நிமிஷம் தருவார்கள். அதில் முதல் ஐந்தை நடுவுக்காகச் சுடாதீர்கள், சேர்ந்து விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். சேர்ந்து விழுந்தால் சைட்டைத் திருத்தப் பத்து நிமிஷம் இன்னும் மிச்சம் இருக்கும்.

முதல் நாள் சுட்ட அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கம் தேதி, எந்த பெல்லட், சைட்டில் எத்தனை டிக், அன்றைய வெளிச்சம் எப்படி என்று பேனாவால் எழுதி ஒரு கோப்பில் போடுங்கள். மாதம் ஒரு அட்டை போதும். என் கோப்பில் முதல் அட்டை 1993ஆம் வருஷத்தது, சட்டத்தோடு ஒட்டியிருந்த பசைத் தழும்பு ஓரத்தில் இன்னும் இருக்கிறது. நட்ட நடுவில் ஒரு ஓட்டை, மற்றவை மூலைக்கு ஒன்று. அதற்கு அடுத்த அட்டை அடுத்த வருஷ முகாமில் சுட்டது: வலது மேல் மூலையில் ஐந்து. ஹவில்தார் சார் பென்சிலால் அந்த ஐந்தையும் சுற்றி ஒரு காசு அளவுக்கு வட்டம் போட்டு, கீழே தேதி எழுதியிருக்கிறார்.